ஹோய் ஆனில் ஒரே ஓர் இடம்

அநியாயம் நடந்தது மர்சலினுக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டு சாந்தோம் முழுக்கத் திரிகிற ஓர் ஆள் இருக்கிறார். பெயர் ஆரோக்கியநாதன். மர்சலினின் கணவர். பெண்டாட்டியும் பங்குக் கோயிலும் வியட்நாம் நாடும் கூட்டுச் சேர்ந்து தன்னைக் கவிழ்த்துவிட்டதாக அவர் சொல்லுவார். முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். நம்பாதீர்கள்.

நடந்தது இதுதான். கட்டிய மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வெளிநாட்டில் டூரிஸ்டுகள் வந்து குவிகிற ஒரு கடற்கரை ஊருக்குப் போய், அந்த ஊர்க்காரர்களுக்குத் தனியாக இங்கிலீஷ் ட்யூஷன் எடுத்துப் பிழைப்பது என்று அவர் முடிவு செய்தார். ட்யூஷனும் தனி. போவதும் தனி.

ஆரோக்கியநாதன் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். 'ராமு மாம்பழம் தின்றான்; மாம்பழம் ராமுவால் தின்னப்பட்டது' என்று சொல்லிக் கொடுத்தே பாதி ஆயுளைக் கரைத்தவர். அவருக்குத் தலை நரைத்துவிட்டது, ராமு இன்னும் தின்றுகொண்டிருக்கிறான். ஒருநாள் சாயங்காலம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது போனில் ஒரு வீடியோ தானாக ஓடியது. மஞ்சள் பூசிய பழைய சுவர்கள். ஆற்றில் மிதக்கிற காகித விளக்குகள். கூடையைப் போல உருண்டையான படகுகள். வியட்நாமில் ஹோய் ஆன் என்ற ஊராம். மூங்கில் நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரன், "இங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் வேண்டும், எனக்கு இந்தக் கடல் வேண்டும், வேறென்ன" என்று சொல்லிச் சிரித்தான்.

ஆரோக்கியநாதன் பேனாவை மூடி வைத்தார்.

இத்தனைக்கும் அவர் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் கடல் தெரியும். கோயிலுக்குப் பின்பக்கம் இறங்கினால் காலை நனைக்கும். வீட்டு வாசலில் ஒரு கடலை வைத்துக்கொண்டு இன்னொரு கடலுக்கு எதற்கு ஆசைப்பட வேண்டும் என்றால், அதற்கு அவரிடம் பதில் இருந்தது. அந்தக் கடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் வந்து, "ஏங்க, சிலிண்டர் புக் பண்ணீங்களா" என்று கேட்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து மனிதர் நடந்தபடியே மிதக்க ஆரம்பித்தார். லஸ் முனையில் சிக்னலுக்கு நிற்கும்போது ஆட்டோக்களின் ஹாரன் மெல்ல மெல்லத் தேய்ந்து அலைச் சத்தமாக மாறும். எதிரே இருக்கிற மருந்துக்கடைச் சுவர் மஞ்சளாகும். வெள்ளைச் சட்டையும் முழங்கால் வரை மடித்த பேண்ட்டுமாக அவர் ஒரு சைக்கிளில் போவார். மாலை நேரம். விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும். படகுத்துறையில் நாலைந்து பேர் எழுந்து நின்று, "குட் ஈவினிங், டீச்சர்" என்பார்கள். அவர் தலையை மட்டும் லேசாக அசைப்பார். ஆற்றின் மேல் காற்று வரும். அதில் யாருடைய குரலும் இருக்காது. பிறகு பின்னால் நிற்கிற பஸ்காரன் அடிக்கிற ஹாரனில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ச் சேருவார்.

கனவுதானே, போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தக் கனவில் சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. யார் துவைத்தது? காலையில் பலகாரம் மேசைக்குத் தானாக வந்தது. யார் சமைத்தது? கனவில்கூடத் தன் சட்டையைத் தானே துவைத்ததாகக் காணத் தெரியாத மனிதரைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மர்சலினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளும் இங்கிலீஷ் படித்தவள்தான். இரண்டு பேரும் ஒரே பி.எட். வகுப்பு. கல்யாணத்துக்குப் பிறகு சில வருஷம் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தாள். ஜெசிகா பிறந்ததும் யாராவது ஒருத்தர் கொஞ்ச நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. அந்த யாராவது ஒருத்தர் யார் என்பதைப் பற்றி விவாதமே நடக்கவில்லை. ஜெசிகா இப்போது எம்.ஏ. கடைசி வருஷம். கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

வீடியோவைத் தொடர்ந்து போய், ஆரோக்கியநாதன் ஹோய் ஆனில் மிஸஸ் ஹான் என்ற பெண்மணியைப் பிடித்தார். டூரிஸ்டுகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். அந்தத் தெருவில் படகு ஓட்டுகிறவர், துணி தைக்கிறவர் என்று நாலைந்து பேர் சேர்ந்து ஒரு இங்கிலீஷ் டீச்சரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தங்க அறை தருவார்கள், பாடத்துக்குச் சம்பளம் தருவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வீடியோவில் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டினால் போதும். பிடித்திருந்தால் ஜனவரியில் புறப்பட்டு வரலாம்.

மர்சலினிடம் எப்போது சொல்வது? விசா வந்த பிறகு. முடிந்தால் விமானம் ஏறிய பிறகு. அதுதான் அவருடைய திட்டம்.

ஆனால் ஒரு சிக்கல். மனைவியிடம் சொல்லாமல் போக அவரால் முடிந்தது. மாதாவிடம் சொல்லாமல் போக முடியவில்லை. பரம்பரை பரம்பரையாகப் பரீட்சையோ பிரசவமோ, பூசைக்குக் கருத்துக் கொடுக்காமல் எதையும் தொடங்காத குடும்பம். பங்கு அலுவலகத்தில் போய்ச் சொன்னால், பூசை தொடங்கும் முன் வாசித்து, எல்லாருமாக அதற்காக வேண்டிக்கொள்வார்கள். அப்படி வேண்டாமல் கிளம்பினால் விமானம் அந்தமான் தாண்டாது என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பயம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மர்சலின் கண்ணில் படாத நேரமாகப் பார்த்துப் பங்கு அலுவலகத்துக்குள் நுழைந்தார். அங்கே ஜாக்சன் உட்கார்ந்திருந்தான். குப்பத்துப் பையன். அலுவலகத்தையும் மைக்கையும் பார்த்துக்கொள்பவன்.

"ஜாக்சன், ஒரு பூசைக் கருத்து குடுக்கணும்."

"குடுங்க சார். இன்னா கருத்து?"

"ஒரு குடும்பத்தோட வெளிநாட்டுப் பயணம் நல்லபடியா அமைய. பேரு வேணாம்."

"பேரு இல்லாம எப்டி சார்? மாதாவுக்கு ஆளு தெரிய வேணாமா?"

"மாதாவுக்குத் தெரியும்ப்பா."

"எனக்குத் தெரியலயே சார்."

இந்த இடத்தில் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் இத்தனை நாளாக இவ்வளவு பெரிய கனவைச் சுமந்துகொண்டு திரிகிற மனிதரிடம் ஒருவன் வாயைத் திறந்து கேட்டுவிட்டான்.

"வியட்நாம்," என்றார் ஆரோக்கியநாதன், ஜன்னலைப் பார்த்தபடி. "அங்க இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க வரச் சொல்றாங்க. நான்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

"அடப்பாவி சார், நீங்களா? நம்ம பங்குலேர்ந்து பாரின்ல வாத்தியாரா? இத்தப் போய் ஒளிச்சி வச்சிக்கினு கீறீங்களே."

"ஒளிக்கல. விளம்பரம் வேணாம். நாளைக்குக் காலைல ஆறு மணி பூசையில வச்சிடு, போதும்."

"அதுல நாலு பேரு தூங்கிக்கினு இருப்பாங்க சார்."

"அதான் வேணும்."

ஜாக்சன் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டான். கண் கலங்காத குறை. இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஆறு மணிப் பூசையா என்று ஃபாதரிடம் போய் நியாயம் கேட்டான். ஃபாதரும் நியாயம்தான் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பூசை. உட்கார இடம் இல்லாத கூட்டம். ஆண்கள் பக்கம் தூணோரமாக ஆரோக்கியநாதன், பெண்கள் பக்கம் முக்காடிட்டு மர்சலின், அவளுக்குப் பக்கத்தில் ஜெசிகா. மின்விசிறிக் காற்று ஆற்றுக் காற்றாக மாறிக்கொண்டிருந்தது. பீடத்து மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கி மிதக்கத் தொடங்கின. படகுத்துறையில் எழுந்து நிற்கிறார்கள். யாரோ அவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள். என்ன மரியாதை, என்ன கணீரென்ற குரல்.

அது ஜாக்சனின் குரல். மைக்கில்.

"வியட்நாம் நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் புறப்படும் நம் பங்கைச் சேர்ந்த திரு. ஆரோக்கியநாதன், திருமதி மர்சலின் தம்பதியரின் பயணம் இனிதே அமைய."

திருமதி மர்சலின் எப்படி உள்ளே வந்தாள்? ஜாக்சன் சேர்த்ததுதான். புதுமனை புகுவிழாவோ கல்யாண நாளோ, பங்கில் திருவை வாசித்தால் பின்னாலேயே திருமதியை வாசிப்பார்கள். ஒரு மனுஷன் பெண்டாட்டியை விட்டுவிட்டுத் தான் மட்டும் கடல் தாண்டுவதற்கு மாதாவிடம் ஆசி கேட்பான் என்று ஜாக்சனுக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கோயிலில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆரோக்கியநாதன் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பெண்கள் பக்கம் பார்த்தார். மர்சலின் அசையவில்லை. முக்காட்டை ஒருமுறை சரி செய்துகொண்டாள். அடுத்த பாட்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகப் பாடினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

பூசை முடிந்து வாசலில் ஃபாதர் ஆரோக்கியநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா மர்சலின், இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லவே இல்லையே."

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சார் நெனச்சிட்டார், ஃபாதர். எனக்கே இப்பத்தான் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உண்மையைப் பச்சையாகச் சொல்லி ஊரையே சிரிக்க வைக்க முடியும் என்று ஆரோக்கியநாதன் அன்றைக்குத்தான் பார்த்தார். "அது வந்து ஃபாதர், நான்..." என்று அவர் ஆரம்பித்தார். அடுத்து வரவேண்டிய 'மட்டும்' என்ற சொல்லுக்குப் பதிலாக ஒரு சிரிப்பு சிரித்தார். அந்த வாசலில், அத்தனை பேருக்கு நடுவில், அதைச் சொல்லி முடிக்கிற தைரியம் உள்ள கணவன் இன்னும் பிறக்கவில்லை.

வீட்டு மாடிப்படியில் கீழ்வீட்டுத் தங்கபுஷ்பம் காத்துக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். தி. நகரில் அவள் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடை. கோயில் ஒலிபெருக்கியில் வருகிற எதுவும் அந்த வீட்டுக்குத் தப்பாது.

"என்ன மர்சலின், ஸ்பீக்கர்ல ஒம் பேரச் சொல்லுதாவ. வியட்நாம் போறியளாம்லா?"

"ஆமாக்கா. போறேனாம்."

"போறேனாமா? நீ போறதை நீயே கேள்விப்பட்டுச் சொல்லுத மாதிரில்லா இருக்கு."

"எங்க வீட்ல அப்படித்தான்க்கா."

"அங்க ஒரே நாள்ல துணி தச்சுக் குடுத்திருதாவளாம். நல்ல மாதிரி ரெண்டு பாத்துப் படம் எடுத்து அனுப்பு, என்னா? அண்ணாச்சி என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்காவ?"

"சந்தோஷம்க்கா," என்றாள் மர்சலின். "அவருக்குச் சந்தோஷம் வந்தா அப்படித்தான் இருக்கும்."

வீட்டுக் கதவு சாத்தியாயிற்று. ஆரோக்கியநாதன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இடி விழக் காத்திருந்தார். இடி விழவில்லை. சமையலறையில் மீன் குழம்பு கொதிக்கிற சத்தம்தான் வந்தது.

"மர்சலின், அது வந்து..."

"எது வந்து?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? ஏர்போர்ட்ல இருந்தா?"

அவர் திடுக்கிட்டுப்போனார். மனசுக்குள் இருந்ததை எங்கே போய்ப் படித்தாள்?

"உன்ன விட்டுட்டுப் போகணும்னு இல்லம்மா. அங்க ஒரே ஒரு இடம்தான் இருக்கு. ஒரு டீச்சர்தான் கேக்கறாங்க. நான் என்ன பண்ணுவேன்?" முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டார். ஓரளவு வந்தது.

"ஒரே இடம்தானா?"

"ஒண்ணே ஒண்ணு."

"யாரு முடிவு பண்றது?"

"மிஸஸ் ஹான். அவங்கதான் எல்லாம். சனிக்கிழமை வீடியோல ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டணும்."

மர்சலின் கரண்டியைக் கையில் பிடித்தபடி சற்று யோசித்தாள்.

"சரி. அவங்க யாரக் கூப்பிடறாங்களோ அவங்க போகட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன். போதுமா?"

"நெஜமாவா?"

"கோயில் வாசல்லயே பொய் சொல்லல, வீட்லயா சொல்லுவேன்?"

ஜெசிகா அறையிலிருந்து தலையை நீட்டினாள். "அம்மா, நீ என்ன இவ்வளவு ஈசியா விட்டுக்குடுக்கற? அப்பா பண்ணினது எவ்வளவு பெரிய அநியாயம் தெரியுமா? சமமாப் படிச்ச ரெண்டு பேர்ல..."

"ஜெசி, தட்டு எடுத்து வை."

"நான் பேசிக்கிட்டிருக்கேன்."

"பேசிக்கிட்டே எடுத்து வை."

ஆரோக்கியநாதன் நிம்மதியாகச் சாப்பிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்தார். மஞ்சள் சுவர், ஆறு, விளக்குகள், எல்லாம் பழையபடி வந்தன. ஆனால் தூரத்தில் ஒரு கூடைப் படகு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கிட்டே வந்ததும் பார்த்தால் உள்ளே மர்சலின். மடியில் மிக்ஸி. "ஏங்க, இங்க கரண்டு நம்ம ஊரு மாதிரியா, வேற மாதிரியா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் படகுத்துறையில் நின்றிருந்தவர்கள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "குட் ஈவினிங், டீச்சர்" என்று படகைப் பார்த்துச் சொன்னார்கள். விழித்தபோது நெற்றி வேர்த்திருந்தது.

அந்த வாரம் முழுக்க மர்சலின் ஒரு வார்த்தை பேசவில்லை, அதாவது இந்த விஷயத்தைப் பற்றி. மற்றபடி மாம்பலம் போனாள், வந்தாள், சிலிண்டர் வாங்கிப் போட்டாள். ஆரோக்கியநாதன் பாடம் தயாரித்தார். பெயர்ச்சொல்லில் தொடங்கி, வினைச்சொல் வழியாகச் செயப்பாட்டுவினையில் போய் முடிகிற பாடம். அவர் சர்வீஸிலேயே சிறந்த பாடம் என்று அவரே சொன்னார்.

சனிக்கிழமை. சாப்பாட்டு மேசையில் அரிசி டப்பாவுக்குச் சாய்த்துப் போனை நிறுத்தினார். டையை இறுக்கினார். திரும்பிப் பார்த்தால் மர்சலின் நீலப் பட்டுப் புடவையில், தலை வாரி, பவுடர் போட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"எங்கயும் இல்ல. ஜெபமாலைக்குப் போகணும், நேரம் இருக்கு. நீங்க நடத்துங்க. காபி வேணும்னா சொல்லுங்க."

திரையில் மிஸஸ் ஹான் வந்தார். உருண்டை முகம், சிரித்த கண்கள். பக்கத்தில் லான் என்ற தையல்காரப் பெண். அவள் பின்னால் கம்பியில் வரிசையாகக் கவுன்கள் தொங்கின. ஓரத்தில் துவான் என்கிற படகுக்காரர், வெயிலில் காய்ந்த முகம், வேலை முடிந்து வந்த களைப்பு.

ஆரோக்கியநாதன் தொண்டையைக் கனைத்தார். ஆரம்பித்தார். பெயர்ச்சொல் என்றால் என்ன. அது எத்தனை வகைப்படும். ஒவ்வொரு வகைக்கும் உதாரணம். அவருடைய உச்சரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லான் தலையாட்டினாள். வினைச்சொல்லுக்கு வந்தபோது தலையாட்டுவது நின்றது. 'துவான் படகை ஓட்டுகிறார். படகு துவானால் ஓட்டப்படுகிறது' என்ற இடத்தில் துவானின் கண்கள் மூடின. படகு யாராலும் ஓட்டப்படாமல் நின்றது. மிஸஸ் ஹான் மட்டும் மரியாதைக்காகச் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பு விருந்தாளி கணக்குத் தீர்த்துக் கிளம்புவதற்குக் காத்திருக்கிற சிரிப்பு.

அப்போதுதான் காபி வந்தது. யாரும் கேட்கவில்லை.

மர்சலின் டம்ளரை வைத்தாள். குனிந்தாள். போனுக்குள் எட்டிப் பார்த்து, "ஹலோ, சிஸ்டர். தட் கிரீன் டிரெஸ். ஹவ் மச்?" என்றாள்.

லான் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பச்சைக் கவுனைத் தொட்டுக் காட்டினாள். "திஸ்? ஃபிஃப்டி டாலர்."

"ஃபிஃப்டி?" மர்சலின் நெஞ்சில் கை வைத்தாள். "ஃபார் திஸ்?"

ரங்கநாதன் தெருவில் புடவை எடுத்தவர்களுக்கு அந்த 'திஸ்' தெரியும். கடைக்காரரின் தாத்தாவரைக்கும் போய்த் தைக்கிற 'திஸ்'. லானின் முதுகு நிமிர்ந்தது.

"குட் குளோத்," என்றாள் லான். "வெரி குட். யூ டச்."

"ஐ டச், ஐ டச். நெக்ஸ்ட் ஷாப், ஸேம் குளோத், ட்வென்டி."

"நெக்ஸ்ட் ஷாப் நோ குட். நெக்ஸ்ட் ஷாப் ஒன் வாஷ், ஃபினிஷ்."

துவான் கண்ணைத் திறந்தார்.

"மர்சலின்," என்றார் ஆரோக்கியநாதன் பல்லைக் கடித்தபடி, "நான் இங்க பேஸிவ் வாய்ஸ் நடத்திட்டிருக்கேன்."

"ட்வென்டி ஃபைவ்," என்றாள் மர்சலின் போனிடம். "லாஸ்ட்."

"நோ, மேடம். ஃபார்ட்டி ஃபைவ்."

"ஓகே. தேங்க்யூ. பை." மர்சலின் புடவைத் தலைப்பை உதறினாள். திரும்பிப் பார்க்காமல் நடந்து சமையலறைக்குள் போனாள். தி. நகரில் ஒரு பெண் கடையை விட்டு இறங்குகிற இறக்கம் அது. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று கடைக்காரருக்கும் தெரியும், பெண்ணுக்கும் தெரியும். ஹோய் ஆனிலும் தெரிந்திருந்தது.

"மேடம்," என்றாள் லான். "மேடம், கம் பேக். ஃபார்ட்டி. ப்ளீஸ் லுக்."

மர்சலின் அடுப்பருகே நின்று நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், யூ பை டிரெஸ்," என்று துவான் நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் வந்தார், "ஐ டேக் யூ போட். ஃப்ரீ. ரிவர் வெரி பியூட்டிஃபுல் நௌ." அந்த மனிதர் அத்தனை நேரத்தில் வாயைத் திறந்து பேசிய முதல் இங்கிலீஷ் அது. "கம் பேக், மேடம்," என்று மிஸஸ் ஹானும் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் ஒரே குரலில் கூப்பிட்டார்கள். ஆரோக்கியநாதன் துள்ளி எழுந்ததில் மேசை அதிர்ந்து போன் சரிந்தது. அவரே அதைக் கையில் பிடித்துக்கொண்டார்.

மர்சலின் திரும்பி வந்தாள். "போட் ஃப்ரீ? ஹூ ஸெட் போட் ஃப்ரீ? டெல் மீ அபௌட் தி போட்."

அதோடு போயிற்று. துவான் படகைப் பற்றிச் சொன்னார். தவறாகச் சொன்ன இடத்தில் அவள் சரியாகத் திருப்பிச் சொன்னாள், அவரும் அப்படியே திருப்பிச் சொன்னார், திருத்தப்படுகிறோம் என்பதே தெரியாமல். பிறகு அவள் மழையில் நனைந்த டூரிஸ்டாகக் கோபித்துக்கொண்டாள், லான் சமாதானப்படுத்தினாள். அறையில் சுடுதண்ணீர் வரவில்லை என்று சண்டைக்குப் போனாள், மிஸஸ் ஹான் மன்னிப்புக் கேட்டார், பிறகு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அத்தனை நேரமும் ஆரோக்கியநாதன் போனை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார். "கொஞ்சம் மேல தூக்குங்க, மூஞ்சி தெரியல," என்று ஒருமுறை சொன்னாள். தூக்கினார். அந்த வகுப்பில் அவருக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

போனை வைத்ததும் அவர் டையைப் பிடுங்கி மேசையில் போட்டார்.

"வேணும்னே பண்ணின."

"காபி குடுக்க வந்தேன்."

"பட்டுப் புடவையிலயா?" என்றாள் ஜெசிகா வாசற்படியிலிருந்து.

"ஜெபமாலைக்குடி."

"ஜெபமாலை முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சும்மா."

"அப்படியா," என்றாள் மர்சலின். "பேச்சுல கவனிக்கல."

மறுநாள் சாயங்காலம் மிஸஸ் ஹானின் குரல் பதிவு வந்தது. மிக மரியாதையான குரல். எல்லாருக்கும் மேடத்தைப் பிடித்துவிட்டதாம். மேடம் ஜனவரியில், மழை முடிந்ததும் வரலாமாம். சாரும் ரொம்ப நல்ல மனிதராம், போனை மிகவும் அசையாமல் பிடித்தாராம்.

ஆரோக்கியநாதன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்தார். கடல் சாம்பல் நிறத்தில் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நேர் கிழக்கே எங்கோ அந்த ஆறு. அவர் கண்ணை மூடிக் கூப்பிட்டுப் பார்த்தார். மஞ்சள் சுவர் வந்தது. விளக்குகள் வந்தன. சைக்கிளும் வந்தது. அதை ஓட்டிக்கொண்டு நீலப் புடவையில் யாரோ போனார்கள். மணி அடித்து வளைவில் திரும்பி மறைந்தார்கள். அவர் படகுத்துறையில் நின்று வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். கேவலமாக, அந்தக் காட்சி அழகாகவும் இருந்தது.

பக்கத்தில் மணல் அழுந்தியது. மர்சலின்.

"கோவமா?"

"இல்ல."

"காது செவந்திருக்கு."

"வெயில்."

"சூரியன் போயாச்சு."

அலை ஒன்று வந்து போயிற்று.

"என் வேலையப் புடுங்கிட்ட," என்றார் அவர் கடலைப் பார்த்தபடி.

"நீங்க எனக்குத் தெரியாமப் போகப் பாத்தீங்க. நான் உங்க கண்ணு முன்னாலயே எடுத்தேன். எது மோசம், நீங்களே சொல்லுங்க."

அவர் ஒரு சிப்பியை எடுத்துக் கடலில் எறிந்தார்.

"கேட்டிருந்தா வரமாட்டேன்னிருப்ப."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அவர் செருப்பிலிருந்த மணலைத் தட்டினார்.

"நேத்து அந்த லான் பதிலுக்குப் பதில் பேசினா பாருங்க," என்றாள் மர்சலின். குரல் மாறியிருந்தது. "எவ்வளவு நாளாச்சு, நான் சொல்லிக்குடுத்து ஒருத்தர் பேசி. எனக்கே மறந்துபோச்சோன்னு இருந்தேன். மறக்கலங்க." கொஞ்ச நேரம் மணலைக் கையில் அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். "நான் போறேன். முடிவு பண்ணிட்டேன். ஜெசி இருந்துக்கறேன்னு சொல்லிட்டா. வீடு அமைதியா இருக்குமாம், படிக்கணுமாம்."

இதற்கு மேல் விவாதிக்க எதுவும் இல்லை என்று ஆரோக்கியநாதனுக்கே தெரிந்தது. கடல் ஒருமுறை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"அப்ப நான்?" என்றார்.

"நீங்க என்ன?"

"நானும் வரட்டுமா?"

"கேக்கறீங்களா, கெஞ்சறீங்களா?"

"எது பலிக்குமோ அது."

மர்சலின் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். கணவரையும் அழைத்து வரலாமா என்று சுருக்கமாகக் கேட்டு அனுப்பினாள். அவர் போனின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தன் முகத்தில் அது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. மர்சலினுக்குத் தெரிந்தது. அவள் கடல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பதில் வந்தது. மிஸஸ் ஹானின் குரல், அலைச் சத்தத்துக்கு மேல். அறை பெரியதுதான், சார் தாராளமாக வரலாம். ஆனால் விருந்தாளிகளுக்குக் காலைப் பலகாரம் செய்கிற ஆள் போன வாரம்தான் வேலையை விட்டுப் போனார். சாருக்குச் சமைக்கத் தெரியுமா?

"தெரியும்னு சொல்லு," என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லும்மா. டீ போடுவேன்ல. முட்டை கூட ஒருதரம் வேக வச்சேன். தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

மர்சலின் போனை வாயருகே கொண்டுபோனாள். வகுப்பில் பேசிய அதே நிறுத்தி நிதானமான இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லும் கடல் தாண்டிப் புரியும்படி சொன்னாள்:

"நாட் யெட், மேடம். ஹிஸ் டிரெயினிங் ஸ்டார்ட்ஸ் டுநைட்."